மேடையில் இடமில்லாத தோழன்



நவம்பர் மாதம் இறந்தோரை நினைக்கும் மாதம். அதே மாதத்தின் 22-ஆம் நாளில்தான் இசைக்குப் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாளும் வருகிறது. அன்று பல பங்குகளில் பாடகர் குழுவினர் தனித் திருப்பலி ஒப்புக்கொடுப்பதும், அதன்பின் பங்குத்தந்தையோடு அமர்ந்து சிற்றுண்டி அருந்துவதும் வழக்கம். அத்திருநாளை ஒட்டி இசையைப் பற்றிச் சில வார்த்தை எழுதலாம் என்று எண்ணியிருந்த வேளையில், ஒரகடத்தை அடுத்த ஓர் ஊரிலிருந்து ஒரு தாயின் கடிதம் வந்து சேர்ந்தது. பெயரும் ஊரும் வெளியிடவேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். விடையை மட்டும் இப்பகுதியில் எழுதுமாறு வேண்டியிருக்கிறார். "இது என் ஒருத்தி வீட்டுக் கதை மட்டும் அன்று" என்பது அவர் கூறும் காரணம். படித்து முடித்தபோது நமக்கும் அவ்வாறே தோன்றியது.

கடிதத்தின் சாரம் இது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பிழைப்புத் தேடித் தென்னாற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். கணவர் ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவல் பார்க்கிறார். மூத்த மகனுக்கு இருபத்துமூன்று வயது. டிப்ளமா முடித்து, வாகன உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மூன்று ஷிப்டு முறையில் வேலை செய்கிறான். கோயில் பாடகர் குழுவில் கற்றுக்கொண்ட கிதார் அவனோடு வளர்ந்தது. அவனும் நண்பர் நால்வரும் சேர்ந்து ஒரு ராக் இசைக்குழு அமைத்திருக்கிறார்கள். டிரம்ஸ் வாசிப்பவன் ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த கத்தோலிக்கப் பிள்ளை. பறை வாசிப்பவன் இதே பங்கைச் சேர்ந்த, காலனியில் வாழும் பிள்ளை. மற்ற இருவர் உடன் வேலை செய்வோர். விடியற்காலைக் கம்பெனி பஸ்ஸையும் இரவு ஷிப்டையும் ஊரில் விட்டுவந்த தாயையும் பற்றித் தாங்களே பாட்டுக் கட்டுகிறார்கள். ஷட்டர் போட்ட ஒரு கடையின் பின்னறையில் பயிற்சி நடக்கிறது.

இதுகாறும் அவர்கள் பிறருடைய நிகழ்ச்சிகளில், கூட்டம் வந்து அமரும்முன் அரை மணி நேரம் வாசிப்பவர்களாக இருந்தார்கள். இப்பொழுது முதன்முறையாக அவர்கள் பெயரையே சுவரொட்டியின் உச்சியில் இட்டு, காஞ்சிபுரம் தொடங்கிக் கோயம்புத்தூர் வரை ஐந்து ஊர்களில் நிகழ்ச்சி நடத்த ஏற்பாட்டாளர் ஒருவர் முன்வந்திருக்கிறார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்திருக்கிறார். பறை வேண்டாமாம், உள்ளரங்குகளுக்கு அது பொருந்தாதாம், அந்தத் தாளத்தை இயந்திரத்தில் பதிந்துகொண்டால் போதுமாம். மூவர் இசைந்துவிட்டனர். மகன் வாய் திறக்கவில்லை. பறை வாசிக்கும் பிள்ளைக்கு இன்னும் யாரும் செய்தி சொல்லவில்லை. பயிற்சி மட்டும் ஐவரோடும் நடந்துகொண்டிருக்கிறது.

தாயின் கேள்விகள் மூன்று. ராக் இசை நம் பிள்ளைகளுக்குத் தகுமா? வேலை என்னவாகும்? மகனுக்கு நான் என்ன சொல்லவேண்டும்? இவற்றின் அடியில் அவர் எழுதியிருக்கும் ஒரு வரியை நாம் மறக்க இயலாது. "பறை வாசிக்கிறவனோடு உன் மகன் மேடை ஏறுகிறானே என்று உறவினர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இப்போது அவன் இல்லையென்றால் அந்தப் பேச்சு ஓய்ந்துவிடும் என்று என் மனத்துக்குள்ளே ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது."

அன்புச் சகோதரி, அந்தப் பயம் தேவன் தந்த பயம். அதைத் தள்ளிவிடாதீர்கள். முதலில் மற்ற இரு கேள்விகளையும் பார்த்துவிட்டு அதற்கு வருவோம்.

ராக் இசையைக் கேட்டவுடனே சிலுவை அடையாளம் இட்டுக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. 1966-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவைச் சேர்ந்த ஜான் லெனன், தங்கள் புகழ் இயேசுவின் புகழையும் விஞ்சிவிட்டது என்னும் பொருள்படப் பேசியபோது அமெரிக்காவில் அவர்களுடைய இசைத்தட்டுகளைத் தீயிட்டுக் கொளுத்தினார்கள். ஆனால் 2008-ஆம் ஆண்டு வத்திக்கான் நாளேடான 'ஒஸ்ஸர்வத்தோரே ரொமானோ' அப்பேச்சை, எதிர்பாராப் புகழில் திக்குமுக்காடிய தொழிலாளர் வீட்டு இளைஞன் ஒருவனின் வீம்புப் பேச்சு என்று கூறிப் பெருந்தன்மையோடு கடந்துவிட்டது. 1997-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் இத்தாலியின் போலோஞா நகரில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் முன்னிலையில் அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் கிதாரோடு பாடினார். திருத்தந்தை அவருடைய பாடல் ஒன்றையே எடுத்துக்கொண்டு கூடியிருந்த இளைஞர்களுக்கு மறையுரை ஆற்றினார். இசையில் பாவமில்லை; பாடுகிறவன் எதைப் பாடுகிறான், எவ்வாறு வாழ்கிறான் என்பதே கேள்வி. இரவு ஷிப்டில் கண் விழிக்கும் தோழனின் களைப்பைப் பாடும் பிள்ளையிடம் நாம் என்ன குற்றம் காணமுடியும்?

இனி, முதன்முதலாகத் தன் பெயரால் ஊர் ஊராகச் சென்று பாடுவது என்பது ஒரு குழுவின் வாழ்வில் எத்தகைய திருப்பம் என்பதை அதே பீட்டில்ஸ் குழுவின் வரலாற்றில் காணலாம். அவர்களும் உங்கள் மகனைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளே. லிவர்பூல் ஒரு துறைமுக நகரம். ஆலைகளும் கிடங்குகளும் நிறைந்த ஊர். பால் மெக்கார்ட்னியின் தாய் மேரி ஒரு கத்தோலிக்கச் செவிலியர். மகனுக்குப் பதினான்கு வயதாகும்போது, 1956-இல், காலமானார். தந்தை பருத்தி வணிக நிறுவனத்தில் விற்பனையாளர். மகனுக்கு நிலையான வேலை வேண்டும் என்று தந்தை வற்புறுத்தியதால், பால் 1961-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் மின்சுருள் சுற்றும் வேலைக்குப் போனார். சில வாரங்களில் அதை விட்டு மீண்டும் இசைக்குத் திரும்பினார். ஜார்ஜ் ஹாரிசன் மின்தொழில் பழகுநராக இருந்தவர். அவருடைய தாயும் கத்தோலிக்கர்.

அவர்களும் எடுத்த எடுப்பிலேயே முதன்மைக் குழு ஆகிவிடவில்லை. 1960-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர மதுக்கூடங்களில் வார நாள்களில் நான்கரை மணி நேரமும், வார இறுதியில் ஆறு மணி நேரமும் வாசித்தார்கள். ஒரு சினிமாக் கொட்டகையின் திரைக்குப் பின்னே, கழிவறையை ஒட்டிய இருட்டறையில் உறங்கினார்கள். 1963-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள், பிராட்போர்டு நகரில் ஒரு சுற்றுப்பயணத்தில் சேர்ந்தபோது, பதினாறு வயதுப் பாடகி ஹெலன் ஷபீரோதான் முதன்மை. இவர்கள் பட்டியலின் அடிப்பகுதியில் இருந்தார்கள். அப்பயணத்தின் இடைவெளியில், பிப்ரவரி 11-ஆம் நாள் ஒரே நாளில், தங்கள் முதல் இசைத்தட்டுக்கான பத்துப் பாடல்களைப் பதிவு செய்தார்கள். மார்ச்சில் அமெரிக்கப் பாடகர் இருவருக்குத் துணையாகச் சென்றார்கள். மே மாதம் ராய் ஆர்பிசனோடு சென்றபோது, கூட்டத்தின் ஆரவாரத்தால் இவர்களையே இறுதியில் நிறுத்தவேண்டியதாயிற்று. நவம்பர் 1-ஆம் நாள், செல்டனம் நகரில் தொடங்கி டிசம்பர் 13-ஆம் நாள் சவுத்தாம்ப்டனில் முடிந்த பயணத்தில்தான், வேறு பெரிய பெயர் எதன் துணையுமின்றித் தங்கள் பெயரையே தலைப்பில் தாங்கி நாடு முழுதும் வலம் வந்தார்கள். அந்தப் பயணத்தின் நடுவே, நவம்பர் 22-ஆம் நாள், செசிலியாவின் திருநாளன்று, அவர்களின் இரண்டாம் இசைத்தட்டு வெளிவந்தது. அன்றுதான் கத்தோலிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதும்.

சகோதரி, அந்தச் சுற்றுப்பயண மேடையில் நால்வர் நின்றார்கள். நிற்கவேண்டிய ஒருவர் அங்கில்லை. அவர் நம் ஊரில் பிறந்தவர்.

பீட் பெஸ்ட் என்பது அவர் பெயர். 1941-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள் சென்னையில், அன்றைய மதராஸ் பட்டணத்தில், பிறந்தார். உங்கள் ஒரகடத்திலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய நகரம். 1945-இல் குடும்பம் கப்பலேறி லிவர்பூல் சேர்ந்தது. அவருடைய தாய் மோனா 1959-இல் தம் வீட்டின் நிலவறையில் இளைஞர்களுக்காக ஓர் இசைக்கூடம் நடத்தினார். லெனனும் மெக்கார்ட்னியும் ஹாரிசனும் வாசித்துப் பழகிய இடங்களுள் அதுவும் ஒன்று. 1960 ஆகஸ்டில் ஹாம்பர்க் செல்லவிருந்த குழுவுக்கு டிரம்ஸ் வாசிப்பவர் தேவைப்பட்டபோது பீட் சேர்ந்தார். திரைக்குப் பின்னேயிருந்த அந்த இருட்டறையில் அவரும் படுத்தார். இரண்டு ஆண்டுகள் அவர்களோடு பாடுபட்டார்.

1962 ஜூன் மாதத்தில் இலண்டனில் நடந்த பதிவுக்குப்பின், தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின், பதிவுக்கு வேறு டிரம்ஸ் கலைஞரை அமர்த்திக்கொள்வதாகக் கூறினார். ஆகஸ்டு 16-ஆம் நாள், குழுவின் மேலாளர் பிரையன் எப்ஸ்டீன், பீட்டைத் தம் அலுவலகத்துக்கு அழைத்து, இனி அவர் குழுவில் இல்லை என்று அறிவித்தார். இரண்டாண்டு உடன் உண்டு உறங்கிய மூவரும் அங்கே இல்லை. அவர்கள் நேரில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாங்கள் கோழைகளைப்போல் நடந்து, அந்தக் காரியத்தை மேலாளரைக் கொண்டு செய்வித்ததாக லெனன் பின்னாளில் ஒப்புக்கொண்டார். அடுத்த அக்டோபரில் முதல் பாட்டு வெளிவந்தது; அதற்கடுத்த ஆண்டு உலகமே அவர்கள் பின்னால் ஓடியது. சென்னையில் பிறந்த பீட், சிலகாலம் ஒரு ரொட்டிச் சாலையில் ரொட்டி ஏற்றும் வேலை பார்த்தார். பிறகு அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சேர்ந்து சுமார் இருபது ஆண்டுகள் பணியாற்றினார். வேலை இழந்து வருவோருக்கு வேலை தேடிக்கொடுக்கும் பணி அது. 1995-இல் குழுவின் பழைய பதிவுகள் வெளியிடப்பட்டபோதுதான் அவருடைய உழைப்புக்குரிய பங்கு அவர் கைக்கு வந்தது.

நேர்மைக்காக மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அவரிடத்தில் வந்த ரிங்கோ ஸ்டார் எவ்விதக் குற்றமும் செய்யவில்லை. வறுமையில் வளர்ந்த பிள்ளை அவர். சிறுவயதில் காசநோய்க்காக மருத்துவமனையில் நெடுங்காலம் படுத்திருந்தபோது, அங்கே தாளம் பழகியவர். அவர் வந்தபின் குழுவின் இசை உயர்ந்தது என்றே அறிந்தோர் கூறுவர். ஒரு குழு தன் உறுப்பினரை மாற்றிக்கொள்வதே பாவம் என்று நாம் கூறவில்லை. கைத்திறனில் குறை இருந்தால் அதை முகத்துக்கு நேரே சொல்லிப் பிரியலாம். ஆனால் உங்கள் மகனின் தோழனிடத்தில் திறமைக் குறை ஏதும் இருப்பதாக உங்கள் கடிதத்தில் இல்லை. அவன் கையிலுள்ள கருவிதான் குறையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அரங்குக்குப் பொருந்தாதது பறையின் ஓசையா, பறை வாசிப்பவனின் தெருவா? ஓசைதான் என்றால், அதே தாளத்தை இயந்திரத்தில் பதிந்துகொள்ளச் சொல்வானேன்? தாளம் வேண்டும், தாளம் போட்ட கை வேண்டாம் என்பதுதானே இதன் பொருள்?

இந்தப் பேச்சை உலகத்தார் பேசினால் வருத்தப்படலாம். நம் கோயிலிலும் பேசப்பட்டிருக்கிறதே! இதை எழுதுகிறவனும் அந்தப் பழிக்குத் தப்பியவன் அல்லன். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு பங்கின் திருவிழாத் தேர்ப்பவனிக்கு முன்னே பறை வாசிக்க அழைக்கப்பட்ட பிள்ளைகளை, தேர் மந்திரிப்பு முடியும்வரை கோயில் வாசலுக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். சொன்னவர்கள் என்னுடைய நண்பர்கள். நான் பாடகர் குழுவில் நின்றிருந்தேன். அவர்கள் சொன்னது என் காதில் விழுந்தது. திருவிழா வேளையில் சண்டை எதற்கு என்று வாய் மூடியிருந்தேன். அந்தப் பிள்ளைகளில் ஒருவன் என்னைப் பார்த்துத் தலையசைத்து வணக்கம் சொன்னது இன்றும் கண்ணில் நிற்கிறது. ஆகையால், உங்கள் மகனின் மௌனத்தைக் கண்டிக்கும் உரிமை எனக்கில்லை. அந்த மௌனம் எத்தனை ஆண்டு கனக்கும் என்று சொல்லும் அனுபவம் மட்டும் உண்டு.

திருச்சபை இதில் தெளிவாகப் பேசியிருக்கிறது. பீட்டில்ஸ் தங்கள் முதற்பெரும் பயணத்தில் ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்த அதே நாள்களில்தான், 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய தன் ஏட்டை வெளியிட்டது. மறைபரப்பு நாடுகளில் வாழும் மக்களுக்குத் தங்களுக்கே உரிய இசைமரபு உண்டென்றும், அதற்கு உரிய மதிப்பும் இடமும் தரவேண்டும் என்றும் அவ்வேட்டின் 119-ஆம் எண் கூறுகிறது. நம் நாட்டில் அந்த மரபு என்றால் வீணையும் மத்தளமும் மட்டும் அல்லவே. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா முதலிய கத்தோலிக்கத் துறவியர் உருவாக்கிய சக்தி கலைக்குழுவில், தலித் இளம்பெண்கள் பறையைத் தோளில் மாட்டித் தலைநிமிர்ந்து ஆடுகிறார்கள். சாவு வீட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட கருவியை அவர்கள் தங்கள் மதிப்பின் அடையாளமாக்கிக் கொண்டார்கள். 2003-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் நாள், தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களுக்கிடையே சாதி வேற்றுமையின் சாயல்கூட உண்மையான மனித ஒருமைப்பாட்டுக்கு எதிரான அடையாளம் என்று எச்சரித்தார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை, தலித் மக்களின் மேம்பாட்டுக்கென்றே ஒரு கொள்கை ஏட்டை வெளியிட்டது. ஏடுகள் வந்துவிட்டன. அவை நம் வீட்டுத் திண்ணைக்கு வந்தனவா என்பதுதான் கேள்வி.

ஏற்பாட்டாளர் சொல்வதுபோல் பறைக்கு மேடையில் இடமில்லையா? சென்னையில் நடந்த ஒன்றை நினைவூட்டுகிறேன். 2018-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் இசைக்குழு முதன்முதலாக மேடையேறியது. சாதியற்றோர் குழு என்பது அப்பெயரின் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாதியில்லாத் தமிழர் என்னும் கருத்தைப் பரப்பிய அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து அப்பெயர் பிறந்தது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து பத்தொன்பது பேரைத் திரட்டினார்கள். வடசென்னைத் தெருக்களில் இறந்தோர் வீட்டில் இரவெல்லாம் கானா பாடியவர்கள் அக்குழுவில் இருந்தார்கள். பறையும் சட்டியும் கட்டைமோளமும் மின்கிதாரும் டிரம்ஸும் ஒரே மேடையில் நின்றன. குழுவில் இருந்த ஒரே பெண் இசைவாணியை, 2020-ஆம் ஆண்டு உலகின் நூறு பெண்களுள் ஒருவராக பி.பி.சி. தேர்ந்தெடுத்தது. கூட்டம் ஆயிரக்கணக்கில் வந்தது. பறை ஒலித்ததனால் யாரும் எழுந்து போய்விடவில்லை. ஜனவரி 6 நமக்குத் திருக்காட்சித் திருநாள் அல்லவா? தொலைவிலிருந்து வந்த அந்நியர், மாட்டுக்கொட்டிலின் வாசலில் தடுக்கப்படாமல் உள்ளே வந்து பணிந்த நாள்.

அவர்களுடைய பாடல்கள் எல்லாவற்றையும் நாம் ஏற்கவேண்டும் என்பதில்லை. அரசியல் கருத்துகளில் நமக்கு வேறுபாடு இருக்கலாம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும்: பிற மேடைகளில் எவர் கடைசியில் நிறுத்தப்பட்டாரோ அவரை அழைத்துவந்து நடுவில் நிறுத்தினார்கள். புனித யாக்கோபு தம் திருமுகத்தில், பொன் மோதிரம் அணிந்து வருபவனுக்கு நல்ல இருக்கையும் கந்தை உடுத்தியவனுக்குக் காலடியில் இடமும் காட்டும் சபையைக் கடிந்துகொள்கிறாரே, அந்தக் கடிதம் நமக்குத்தான் எழுதப்பட்டது. நாம் வாழும் ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். மறைவாய்க் காக்கவேண்டும் என்ற மந்திரத்தை அவர் கோபுரத்தின் மேலேறி எல்லாரும் கேட்கச் சொன்னார் என்று நம் இந்துச் சகோதரர்கள் பெருமையோடு கூறுவார்கள். அந்த மண்ணில் வாழும் கிறிஸ்தவர் வாசலை இன்னும் சுருக்கிக்கொள்ளலாமா?

நம் சுற்றுப்புறத்தையே பாருங்கள். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் முதல் கார் வெளிவந்த நாள்முதல் இன்றுவரை எத்தனை மாநிலத்துப் பிள்ளைகள் இங்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்! வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்க்கென்று 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரே வரிசையில் நின்று, ஒரே சீருடை அணிந்து, ஒரே உணவுக்கூடத்தில் தட்டேந்துகிறார்கள். அங்கே யார் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. ஜார்க்கண்டுப் பிள்ளையின் டிரம்ஸும் காலனிப் பிள்ளையின் பறையும் உங்கள் மகனின் கிதாரும் ஒன்றுசேர்ந்தது அந்த உணவுக்கூடத்தின் பயன் என்றே எண்ணுகிறேன். அது பிரிவது ஓர் இசைக்குழுவின் இழப்போடு நின்றுவிடாது.

இனி வேலையைப் பற்றி. ஐந்து நிகழ்ச்சிக்காக வேலையை விடவேண்டியதில்லை. இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் என்னும் கணக்கில் சேரும் சம்பள விடுப்பு அவனுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். விடுப்பை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பெறட்டும். உடல்நலமில்லை என்று பொய் சொல்லிப் போகவேண்டாம். ஏற்பாட்டாளரோடு செய்யும் உடன்படிக்கையும் எழுத்தில் இருக்கவேண்டும். போக்குவரத்து யாருடைய செலவு, தங்குமிடம் யாருடையது, கூட்டம் வராவிட்டால் யார் நட்டம் ஏற்பது, பதிவு செய்த பாட்டு யாருக்குச் சொந்தம் என்பவை வாய்ப்பேச்சில் நிற்கலாகாது. பெயர் பெற்றபின் பணத்தால் பிரிந்த குழுக்கள் அநேகம். ஆகவே வரும் தொகையை எவ்வாறு பிரிப்பது என்பதைப் புறப்படும் முன்பே ஐவரும் அமர்ந்து எழுதிக்கொள்ளட்டும்.

இரவு நிகழ்ச்சி முடிந்தவுடன் வேன் ஏறி அடுத்த ஊருக்கு விரையவேண்டாம். களைத்த ஓட்டுநரின் கையில் ஐந்து தாய்மாரின் பிள்ளைகள் இருக்கிறார்கள். திறந்தவெளியில் இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கூறுவதால், நிகழ்ச்சியும் நேரத்தோடு முடியும், உறக்கத்துக்கு வழியுண்டு. காதையும் காக்கவேண்டும். இசையரங்குகளில் ஒலி, கால் மணி நேரச் சராசரியில் 100 டெசிபலுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறுத்தது. பகலெல்லாம் இயந்திர இரைச்சலில் நிற்கும் பிள்ளைக்கு அந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். தொழிற்சாலையில் தரும் காதடைப்பானை மேடையிலும் அணிவதில் வெட்கமில்லை. ஞாயிறு எந்த ஊரில் விடிகிறதோ அந்த ஊரில் திருப்பலிக்குப் போகட்டும். ஐந்து நகரங்களிலும் நம் கோயில்கள் உண்டு.

இவற்றையெல்லாம்விட முக்கியமான கேள்வி உங்கள் மூன்றாம் கேள்வி. மகனுக்கு என்ன சொல்வது? முடிவை நீங்கள் எடுக்கவேண்டாம். அவன் எடுக்கவேண்டிய முடிவு அது. ஆனால் இரண்டு காரியங்களை அவனிடம் கேட்கலாம். ஒன்று: அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் இனி ஒரு நாள்கூடப் பயிற்சி நடக்கலாகாது. இன்றே, அவன் முகத்துக்கு நேரே, ஐவரும் இருக்கும்போது, ஏற்பாட்டாளர் சொன்னதைச் சொல்லவேண்டும். மூன்றாம் மனிதர் வாயிலாக அவன் அறியும்படி விடுவதுதான் லெனன் தன்னையே கோழை என்று சொல்லிக்கொண்ட செயல். இரண்டு: ஏற்பாட்டாளரிடம் ஐவராகச் சென்று ஒருமுறை கேட்கட்டும். அவர் தீயவராக இருக்கவேண்டும் என்பதில்லை. பழக்கத்தால் சொன்னவராகவும் இருக்கலாம். பறையோடு ஒரு பாட்டை அவர் முன்னே வாசித்துக் காட்டட்டும். அதன்பிறகும் அவர் மறுத்தால், ஐந்து ஊரை விடுவதா தோழனை விடுவதா என்பதை அவர்கள் தெரிந்தே முடிவு செய்வார்கள். ஐந்து ஊர்கள் கைவிட்டுப் போகலாம். அந்த நட்டம் உண்மையானது. இல்லையென்று நான் சொல்லமாட்டேன். இளவயதில் அத்தகைய அழைப்பு இன்னொருமுறை வரும் என்று உறுதி கூறவும் என்னால் இயலாது. ஆயினும், சென்னையில் பிறந்த அந்த டிரம்ஸ் கலைஞரைப்பற்றி அறுபது ஆண்டுகளுக்குமேல் ஆகியும் உலகம் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்பதை உங்கள் மகன் எண்ணிப் பார்க்கட்டும். உலகையே வென்றவர்களாலும் அந்தக் கேள்வியை ஓயச்செய்ய முடியவில்லை.

கடைசியாக, உங்களிடம் ஒரு கேள்வி கேட்க அனுமதியுங்கள். இரண்டு ஆண்டாக உங்கள் மகனோடு ஒரே அறையில் வாசிக்கும் அந்தப் பிள்ளை, உங்கள் வீட்டுக்குள் வந்து உண்டிருக்கிறானா? கடிதத்தில் நீங்கள் அதை எழுதவில்லை. வந்திருந்தால் என்னை மன்னியுங்கள். வரவில்லையென்றால், உறவினர் பேச்சுக்கும் உங்கள் நிம்மதிக்கும் பயத்துக்கும் ஒருசேர மருந்து உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது. செசிலியாவின் திருநாளன்று மாலை, ஐவரையும் வீட்டுக்கு அழையுங்கள். ஜார்க்கண்டுப் பிள்ளைக்கும் தாய் தொலைவில் இருக்கிறாள். ஐந்து இலை போடுங்கள். பறை வாசிக்கும் பிள்ளையை உங்கள் மகனுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, உங்கள் கையாலேயே முதலில் அவனுக்குப் பரிமாறுங்கள். உறவினர் யாராவது அந்த நேரத்தில் வந்தால் அவர்களுக்கும் ஓர் இலை போடுங்கள்.

அதன்பின் உங்கள் மகன் என்ன முடிவு எடுத்தான் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். காத்திருக்கிறோம்.

குடும்ப செபம் முடிந்தபின் கலந்து பேச:

1. நம் பிள்ளைகளின் நண்பர்களுள் நம் வீட்டுக்குள் வராதவர் யார்? ஏன்?

2. நம் பங்கின் பாடகர் குழுவிலும் திருவிழா ஏற்பாட்டிலும் எல்லாத் தெருவினரும் இருக்கிறார்களா?

3. பேசவேண்டிய இடத்தில் நாம் வாய் மூடியிருந்த நேரம் ஒன்றைப் பெற்றோர் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லலாமா?